பட்டப்படிப்பில் மாற்றம் முன்மொழியும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

நடைமுறையில் இருக்கும் ஒரு பட்டப்படிப்பில் ஒரு பாடத்தைச் சேர்ப்பதும் இன்னொன்றை நீக்குவதும் சின்ன வேலையாகத்தான் தோன்றும். ஆனால் நல்ல யோசனைகள்கூட ஒப்புதல் தரும் குழுவிலிருந்து திரும்பி வருகின்றன. எழுதியவர் தம் பாடத்தை மட்டும் பார்த்திருப்பார். முதல் செமஸ்டரில் நுழைந்து கடைசி செமஸ்டரில் பட்டம் வாங்கும் மாணவரின் முழுப் பாதையைப் பார்த்திருக்க மாட்டார். கீழே வரும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த ஒரு விடுபடலிலிருந்து கிளைப்பவை.

எதை எடுத்துவிட்டுச் சேர்க்கிறோம்?

புதிய பாடத்துக்கு ஐந்து பக்கம் எழுதிவிட்டு, அதற்கு இடம் எங்கிருந்து வருகிறது என்பதற்கு ஒரு வரிகூட எழுதாமல் விடுவது முதல் தவறு. ஒரு கணக்கைப் பாருங்கள். மூன்றாண்டுப் படிப்பு, மொத்தம் 180 கிரெடிட், ஆறு செமஸ்டர், ஒவ்வொன்றிலும் 30. ஐரோப்பியக் கிரெடிட் முறையில் ஒரு கிரெடிட் என்பது மாணவரின் 25 முதல் 30 மணி நேர உழைப்பு. தேர்வுக் காலமும் சேர்த்து செமஸ்டர் 20 வாரம் என்றால், 30 கிரெடிட்டுக்கு வாரம் 37.5 முதல் 45 மணி நேரம் ஆகிறது. மூன்றாம் செமஸ்டரில் 6 கிரெடிட் தரவுப் பகுப்பாய்வுப் பாடம் ஒன்றை அப்படியே ஏற்றினால், அது 45 முதல் 54 மணி நேரமாகிவிடும். அந்த செமஸ்டரில் தேர்ச்சி விகிதம் சரிந்தால் பழி புதிய பாடத்தின் மேல்தான் விழும்.

இடம் பிடிக்க இன்னொரு வழி அடிக்கடி கையாளப்படுகிறது: 6 கிரெடிட் பாடங்கள் ஆறிலிருந்து ஒவ்வொரு கிரெடிட் கிள்ளி எடுப்பது. காகிதத்தில் கணக்கு சரியாக வரும். ஆனால் அந்த ஆறு பாடங்களின் சிலபஸையும் யாரும் குறைப்பதில்லை. அதே அலகுகளையும் அதே ஒப்படைப்புகளையும் குறைந்த நேரத்தில் முடிக்க வேண்டியதாகிறது. கிரெடிட் குறைந்தால் எந்த அலகு, எந்த ஒப்படைப்பு நீங்குகிறது என்று பாடவாரியாகக் காட்ட வேண்டும். அது முடியவில்லை என்றால், ஒரு பாடத்தை முழுதாக எடுப்பதே நேர்மையான வழி.

முன்தேவைச் சங்கிலி

ஒரு பாடத்தை நீக்குவதற்கு முன், அதை முன்தேவையாக, அதாவது முதலில் தேறியிருக்க வேண்டிய பாடமாகக் கேட்கும் எல்லாப் பாடங்களையும் தேடிப் பட்டியலிடுங்கள். உங்கள் துறைக்குள் மட்டும் தேடினால் போதாது. புள்ளியியல் 1 நீங்கினால் புள்ளியியல் 2 பாதிக்கப்படும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஐந்தாம் செமஸ்டர் ஆய்வுத்திட்டம் அதன் மேல்தான் நிற்கிறது என்பதும், வேறொரு துறை தன் துணைப்பாட மாணவர்களை அதற்கு அனுப்புகிறது என்பதும் அவ்வளவு எளிதில் கண்ணில் படாது.

புதிய பாடத்தைச் சேர்க்கும்போது இதே சிக்கல் எதிர்ப்பக்கமிருந்து வரும். 6 கிரெடிட் கட்டாயப் பாடம் என்று எழுதியிருப்பார்கள். அதற்கு முன்தேவையாக, இந்தப் படிப்பில் இல்லாத இன்னொரு 6 கிரெடிட் பாடம் தேவைப்படும். ஆக, மாணவரின் உண்மையான சுமை 12. அந்த முன்தேவைப் பாடம் ஆண்டுக்கு ஒருமுறைதான் நடக்கிறது என்றால், அதில் ஒருமுறை தோற்றவருக்கு ஒரு வருடம் போய்விடும். செமஸ்டர்களைக் கட்டங்களாக வரைந்து, முன்தேவைகளை அம்புக்குறிகளால் இணைத்து ஒரே தாளில் வையுங்கள். பிறகு ஏதாவது ஒரு பாடத்தில் மாணவர் தோற்றதாக வைத்துக்கொண்டு அம்புகளைத் தொடர்ந்து போங்கள். எங்கே முட்டுகிறது என்பது பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

ஏற்கெனவே படித்துக்கொண்டிருப்பவர்கள்

முன்மொழிவுகளில் அதிகம் அலட்சியப்படுத்தப்படும் பகுதி இதுதான். மாணவர்களை நேரடியாகக் காயப்படுத்துவதும் இதுதான். ‘புதிய திட்டம் அடுத்த கல்வியாண்டில் சேர்பவர்களுக்குப் பொருந்தும்’ என்ற ஒரு வரியோடு பலர் நிறுத்திக்கொள்கிறார்கள். பழைய திட்டத்தில் அரியர் வைத்திருப்பவர், மருத்துவ விடுப்பில் போய் ஓராண்டு கழித்துத் திரும்புபவர், நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேர்பவர் ஆகியோர் எந்தத் திட்டத்தில் வருவார்கள் என்று எழுதியாக வேண்டும்.

பழைய பாடத்துக்கு ஈடான புதிய பாடம் எது என்று காட்டும் அட்டவணையில், ஒன்றுக்கு ஒன்று பொருந்தும் இடங்களில் சிக்கல் வராது. இரண்டைச் சேர்த்து ஒன்றாக்கும் இடத்தில்தான் வரும். தலா 3 கிரெடிட் கொண்ட இயற்பியல் வேதியியல், கரிம வேதியியல் இரண்டையும் இணைத்து 6 கிரெடிட் பாடமாக்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு மாணவி முதலாவதில் தேறி, இரண்டாவதில் தோற்றிருக்கிறார். புதிய பாடம் முழுவதையும் எழுதச் சொன்னால், தேறிய பகுதியையே மறுபடி படிக்க வேண்டும். 3 போக 6 எழுதினால் மொத்தம் 9 ஆகிவிடும். அதில் 3 இரட்டைக் கணக்கு. பழைய கரிம வேதியியல் தேர்வைக் குறிப்பிட்ட காலம் வரை தொடர்ந்து நடத்துவது ஒரு தீர்வு. புதிய பாடத்தின் பாதியை மட்டும் 3 கிரெடிட்டாகப் பதிவுசெய்ய அனுமதிப்பது இன்னொன்று. எதைத் தேர்ந்தாலும் கடைசித் தேதியோடு எழுதுங்கள். பழைய கேள்வித்தாளை யார் தயாரிப்பார், வகுப்பு நடக்குமா அல்லது தேர்வு மட்டுமா என்பதும் அதில் இருக்கட்டும்.

இதோடு ஒட்டிய ஒன்று: உள்ளடக்கமோ கிரெடிட்டோ கணிசமாக மாறிய பாடத்துக்குப் பழைய குறியீட்டையே வைக்காதீர்கள். மதிப்பெண் பதிவேடு பாடத்தைக் குறியீட்டால்தான் அடையாளம் காண்கிறது. 3 கிரெடிட்டில் தேறியவரும் 6 கிரெடிட்டில் தேறியவரும் ஒரே குறியீட்டில் நின்றால், சான்றிதழ் சரிபார்ப்பில் பல ஆண்டுகள் கழித்துக் குழப்பம் கிளம்பும்.

கற்றல் விளைவுகளில் விழும் ஓட்டை

கற்றல் விளைவு என்பது படிப்பின் முடிவில் மாணவரால் என்ன செய்ய முடியும் என்று சொல்லும் வாக்கியம். ‘மாணவர் அறிந்துகொள்வார்’, ‘புரிந்துகொள்வார்’ என்ற வாக்கியங்களை எந்தத் தேர்வாலும் அளக்க முடியாது. ‘கொடுத்த தரவுக்குப் பொருத்தமான சோதனையைத் தேர்ந்து முடிவை விளக்குவார்’ என்றால் அளக்கலாம். இதைப் பலரும் இப்போது சரியாகவே செய்கிறார்கள். விடுபடுவது வேறொன்று. பட்டத்தின் ஒவ்வொரு விளைவும் எந்தப் பாடத்தில் அறிமுகமாகிறது, எதில் பயிற்சி பெறுகிறது, எதில் மதிப்பிடப்படுகிறது என்ற அட்டவணையை மாற்றத்துக்கு முன்பும் பின்பும் போட்டுப் பார்க்க வேண்டும். நீக்கப்படும் பாடம் ஒரு விளைவை மதிப்பிடும் ஒரே இடமாக இருக்கலாம். எடுத்துரைக்கும் திறன், தொழில் நெறிமுறை ஆகிய இரண்டும் இப்படித்தான் சத்தமில்லாமல் காணாமல் போகின்றன.

‘கூடுதல் செலவு இல்லை’

இந்த வரியை எழுதும் முன் கால அட்டவணையைக் கையில் எடுங்கள். 120 மாணவர்கள், 30 இருக்கை ஆய்வகம், வாரம் 3 மணி நேரச் செய்முறை என்றால் நான்கு குழு, 12 மணி நேரம். அந்த 12 மணி நேரம் ஆய்வகம் காலியாக இருக்கிறதா? மேற்பார்வைக்கு யார்? மென்பொருள் உரிமம் எத்தனை பேருக்கு? ஒரே ஒரு ஆசிரியர் மட்டுமே நடத்தக்கூடிய பாடத்தைக் கட்டாயப் பாடமாக வைப்பது அபாயம். அவர் விடுப்பில் போனால் ஓர் ஆண்டு மாணவர் தொகுதியே நிற்கும். அப்படிப்பட்டதை விருப்பப் பாடமாகத் தொடங்கலாம்.

கலந்தாலோசனையில் பாதிக்கப்படும் துறையின் ஒப்புதலைக் கடிதமாக வாங்கி இணையுங்கள். வாய்மொழிச் சம்மதம் குழுக் கூட்டத்தில் நிற்காது. நியாயப்படுத்தும் பகுதியில் ‘மற்ற பல்கலைக்கழகங்களில் இருக்கிறது’ என்பது மட்டும் இருந்தால் பலவீனம். கடந்த மூன்றாண்டுத் தேர்ச்சி விகிதம், வெளித் தேர்வாளர்களின் குறிப்புகள், பட்டம் பெற்றவர்களின் கருத்து ஆகியவற்றில் உள்ளதை எடுத்துவையுங்கள்.

பெரிய மாற்றத்தைச் சின்னச் சின்னதாக நறுக்கித் தனித்தனியே அனுப்பி நகர்த்தப் பார்ப்பது வேண்டாம். பட்டத்தின் பெயர், மொத்தக் கிரெடிட், சேர்க்கைத் தகுதி, கற்பிக்கும் முறை ஆகியவற்றைத் தொட்டால் பொதுவாக அது பெரிய மாற்றம்தான். செவிலியம், பொறியியல், சட்டம் போன்ற தொழில்முறைப் படிப்புகளில் வெளி அங்கீகார அமைப்புக்கும் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டியிருக்கும்.

முன்மொழிவை அனுப்ப வேண்டிய தேதியை வகுப்பு தொடங்கும் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணாதீர்கள். சேர்க்கைக் கையேடு வெளியாகும் நாளிலிருந்து எண்ணுங்கள். மாணவர் எதை நம்பிச் சேர்கிறாரோ அதுவே அவருக்குக் கிடைக்க வேண்டும். துறை, பாடத்திட்டக் குழு, பீடக்குழு, செனட் என்று நான்கு படிகள் இருந்தால், ஒவ்வொரு கூட்டத்துக்கும் அஜெண்டா முடியும் நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒருமுறை திருத்தத்துக்குத் திரும்பி வந்தால் அடுத்த கூட்டம் வரை காத்திருக்க வேண்டும். அந்த அவகாசத்தையும் கணக்கில் சேருங்கள். ஒப்புதல் கிடைத்தபின், கூட்டக் குறிப்பில் எந்த மாணவர் தொகுதியிலிருந்து நடைமுறைக்கு வருகிறது என்பது, குறியீடு, கிரெடிட் மூன்றும் முன்மொழிவில் உள்ளபடியே பதிவாகியிருக்கின்றனவா என்று சரிபார்த்து, பதிவாளர் அலுவலகத்துக்கும் தேர்வுப் பிரிவுக்கும் ஒரே நாளில் பிரதி அனுப்புங்கள்.