புது சூப்பர்ஹீரோ காமிக்ஸை வாங்கலாமா வேண்டாமா: ஒரு டிடிபிக்காரனின் கணக்கு

எங்கள் கடைக்குக் கல்யாணப் பத்திரிகை புரூஃப் பார்க்க வருகிறவர்கள் முதலில் பெயரைத்தான் பார்ப்பார்கள். சித்தப்பா பெயர் விட்டுப்போனால் கல்யாணமே நின்றுவிடும் என்கிற மாதிரி விரல் வைத்துத் தேடுவார்கள். புது காமிக்ஸ் கைக்கு வந்தால் நானும் அதையேதான் செய்கிறேன். பேட்மேன், ஸ்பைடர்-மேன் என்று பெரிதாக இருக்கும் பெயரைச் சொல்லவில்லை. அட்டையில் பொடி எழுத்தில் இருக்கும் எழுத்தாளர், ஓவியர் பெயர்களைச் சொல்கிறேன்.

இந்தப் பழக்கம் எனக்குத் தாமதமாகத்தான் வந்தது. சின்ன வயதில் தமிழில் வந்த லயன் காமிக்ஸில் ஸ்பைடர் கதைகளை (ஸ்பைடர்-மேன் இல்லை, இவன் பிரிட்டிஷ் காமிக்ஸ் ஆசாமி) விழுந்து விழுந்து படித்தவன் நான். யார் எழுதினார் என்று ஒருநாளும் யோசித்ததில்லை. அந்தக் கதைகள் முதலில் வந்த அந்தக் காலத்து பிரிட்டிஷ் வார இதழ்களில் பெயர் போடும் வழக்கமும் பெரும்பாலும் கிடையாது. பல வருஷம் கழித்துத்தான் தெரிந்தது, சூப்பர்மேனை உருவாக்கிய இருவரில் ஒருவரான ஜெர்ரி சீகல்தான் அந்த ஸ்பைடர் கதைகளில் பலவற்றை எழுதியவர் என்று. சூப்பர்மேனைப் பார்க்கும் முன்பே அவரைப் படித்திருக்கிறோம், தெரியாமலே.

சரி, விஷயத்துக்கு வருவோம். முதல் இதழ் கையில் இருக்கிறது, பணம் கொடுக்கலாமா வேண்டாமா?

எடுத்ததும் வசனத்தைப் படிக்காதீர்கள். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படத்தை மட்டும் பார்த்துக்கொண்டே போங்கள். யார் யாரை அடிக்கிறான், யார் பயப்படுகிறான், இடம் எங்கே மாறுகிறது என்பதெல்லாம் முக்கால்வாசியாவது புரிய வேண்டும். புரியவில்லை என்றால் ஓவியர் வெறும் போஸ் வரைந்துகொண்டிருக்கிறார் என்று அர்த்தம். இரண்டாம் சுற்றில் வசனத்தோடு படியுங்கள். படத்தில் தெரிவதையே வசனம் எழுதியிருக்கும் பலூனும் சொல்கிறதா என்று பாருங்கள். மழை பெய்கிற படத்துக்குள் ஒருவன் “மழை பெய்கிறது” என்றால் அந்த எழுத்தாளர் ஓவியரை நம்பவில்லை.

2024 அக்டோபரில் டிசி நிறுவனம் போட்ட அப்சல்யூட் பேட்மேன் முதல் இதழை இப்படித்தான் பார்த்தேன். எழுத்து ஸ்காட் ஸ்னைடர், ஓவியம் நிக் டிரகோட்டா. இதில் பேட்மேனாகும் புரூஸ் வேய்னுக்குப் பணமும் கிடையாது, மாளிகையும் கிடையாது. அம்மா உயிரோடு இருக்கிறார். பள்ளி ஆசிரியரான அப்பாதான் இறந்துபோகிறார். ஆல்ஃப்ரெட் வேலைக்காரர் இல்லை, உளவாளி. கேட்டால் எல்லாவற்றையும் தலைகீழாகப் போட்டுவிட்டு ‘புதுசு’ என்று விற்கிற வேலை போலத்தான் இருக்கும். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ஆனால் படம் வேறு மாதிரி பேசியது. இந்த பேட்மேன் லாரி மாதிரி அகலம். நெஞ்சில் இருக்கும் வௌவால் சின்னம் ஏறக்குறைய ஒரு செங்கல் கட்டி. எதற்கு இவ்வளவு பெரிதாக, பார்க்கவே நன்றாக இல்லையே என்று நினைத்துக்கொண்டே புரட்டினேன். பிறகு ஒரு இடத்தில் அந்தச் சின்னத்தையே கழற்றிக் கையில் பிடிக்கிறான், அது கோடாரி! காசில்லாதவன் உடம்பில் இருப்பதையெல்லாம் ஆயுதமாக்குகிறான் என்பதை ஒரு வரி வசனம் இல்லாமல் உடையே சொல்லிவிட்டது. டிரகோட்டா பக்கத்தைச் சின்னச் சின்னக் கட்டங்களாக நெருக்கிக்கொண்டே போய்த் திடீரென்று திறந்துவிடுகிறார். நெரிசலான பஸ்ஸிலிருந்து இறங்கியது போல இருக்கும். அன்றைக்கே முடிவு செய்தேன், இதை விடக்கூடாது என்று.

அடுத்த கேள்வி எல்லாரும் கேட்பது. என் அக்கா மகன் கேட்டான்: “மாமா, இதுக்கு முந்தி எத்தனை புக்கு படிச்சிருக்கணும்?” ஒன்றும் வேண்டாம்டா என்றேன். டிசியின் அப்சல்யூட் வரிசையும் இன்னொரு பெரிய நிறுவனமான மார்வெலின் புது அல்டிமேட் வரிசையும் தனித்தனி உலகங்கள், பழைய கதை தெரியாமலே நுழையலாம். மற்ற புத்தகங்களில் ஏதாவது புரியாமல் போனால் இணையத்தில் வரலாறு தேடி ஓடாதீர்கள். அந்த இதழுக்குள்ளேயே விளக்கம் இல்லை என்றால் தப்பு உங்களுடையது இல்லை.

முதல் இதழை மட்டும் வைத்துத் தீர்ப்பு சொல்லாதீர்கள், அதில் எல்லாரும் முழு பலத்தையும் காட்டுவார்கள். என் கணக்கு நாலு இதழ். ஜொனாதன் ஹிக்மன் எழுதி 2024 ஜனவரியில் தொடங்கிய அல்டிமேட் ஸ்பைடர்-மேனில் பீட்டர் பார்க்கருக்கு ஏற்கெனவே கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள். முப்பது வயதைத் தாண்டிய பிறகுதான் சக்தி வருகிறது. பழைய கதையில் செத்துப்போகும் அங்கிள் பென் இதில் உயிரோடு இருக்கிறார். நாலாவது இதழ் கிட்டத்தட்ட முழுவதும் இரண்டு தம்பதிகள் ஓட்டலில் உட்கார்ந்து சாப்பிடுவதுதான். சண்டையே இல்லை என்று சிலர் அலுத்துக்கொண்டார்கள். எனக்கு அந்த இதழ்தான் பிடித்தது. வீட்டில் மறைத்து ஏதாவது செய்துகொண்டிருக்கும் ஆம்பளை நண்பர்களோடு சாப்பிட உட்கார்ந்தால் முகம் எப்படி இருக்குமோ, அது அப்படியே படத்தில் இருந்தது. மார்கோ கெக்கெட்டோ வரையும் இதழ்களில் ஊரே மின்னும், அது வேறு விஷயம்.

குறையும் சொல்லிவிடுகிறேன். இந்தத் தொடரில் ஒவ்வொரு இதழுக்கும் கதைக்குள்ளும் ஒரு மாதம் ஓடிவிடும். கேட்க நன்றாக இருக்கிறது. படிக்கும்போது, நடுவில் நல்ல காட்சி ஒன்று நமக்குத் தெரியாமல் நடந்து முடிந்துவிட்டது என்ற எரிச்சல் வரும். ஒரு வருஷம் ஆனபின் எனக்கு அது கூடிக்கொண்டே போனது.

எனக்கு இந்த இரண்டையும்விட ஒசத்தி அப்சல்யூட் வொண்டர் உமன். கெல்லி தாம்சன் எழுத்து, ஹேடன் ஷெர்மன் ஓவியம். நரகத்தில், சூனியக்காரி சர்சியின் கையில் வளர்ந்த டயானா. பறக்கும் குதிரைகூட எலும்புக்கூடு. இவ்வளவு இருட்டான சாமான்களை வைத்துக்கொண்டு இந்தப் பெண்ணை இவ்வளவு கனிவாக எழுதியிருக்கிறார்களே என்பதுதான் ஆச்சரியம். வளர்த்தவளுக்கும் வளர்ந்தவளுக்கும் இடையில் உள்ள பாசத்தைக் காட்டும் பக்கங்களில் நான் இரண்டு முறை நின்றேன். காரணம் சொல்ல மாட்டேன். அப்சல்யூட் சூப்பர்மேனை மூன்றாம் இதழோடு நிறுத்திவிட்டேன், படம் அழகு, கதை எனக்கு ஒட்டவில்லை.

அடுத்தது பலூனுக்குள் எழுத்து வைக்கும் வேலை, அதாவது லெட்டரிங். எனக்குச் சோறு போடுவது அதுதான் என்பதால் கொஞ்சம் கூடுதலாகவே பார்ப்பேன். ஒரே கட்டத்துக்குள் மூன்று பலூன் இருந்தால் கண் எதற்கு முதலில் போகிறது என்று கவனியுங்கள். தப்பான பலூனுக்குப் போய்த் திரும்பி வந்தீர்கள் என்றால் எழுத்து வைத்தவர் சறுக்கியிருக்கிறார். நல்ல எழுத்துக்காரரின் வேலை கண்ணில் படவே படாது. தமிழில் இது இன்னும் கஷ்டம். ஆங்கிலத்துக்கு அளந்து விட்ட பலூனுக்குள் ‘காப்பாற்றுங்கள்’ என்று நுழைக்கச் சொல்லிப் பாருங்கள்.

கடைசியில் காசு. அமெரிக்காவில் ஒரு இதழ் சாதாரணமாக நாலு, ஐந்து டாலர். கதை இருபது பக்கத்தைக் கொஞ்சம் தாண்டும். தபால் செலவோடு தனி இதழ் வாங்குவது நமக்குக் கட்டாது. மார்வெல் என்றால் மார்வெல் அன்லிமிடெட் செயலியில் சந்தா கட்டுங்கள், புது இதழ் மூன்று மாதம் தாமதமாக வரும். காத்திருக்கப் பொறுமை இருந்தால் போதும். டிசி என்றால் ஐந்தாறு இதழ் சேர்ந்த தொகுப்பு வரும்வரை இருங்கள். பழைய நல்ல கதைகளுக்கு டிசி 2024-லிருந்து போடும் காம்பாக்ட் பதிப்பு இருக்கிறது, விலை 9.99 டாலர். நாவல் அளவுக்குப் பக்கத்தைச் சுருக்கியிருப்பதால் எழுத்தும் சுருங்கிவிடும். நாற்பது தாண்டியவர்கள் கண்ணாடியோடு உட்காருங்கள்.

அதே இதழை வேறு அட்டைப்படம் போட்டு விற்கும் மாற்று அட்டை மட்டும் வேண்டவே வேண்டாம். ஒருமுறை ஆசைப்பட்டு ஆன்லைனில் ஒருவரிடம் மூன்று மடங்கு விலை கொடுத்து வாங்கினேன். வெறும் பிளாஸ்டிக் கவரில் அனுப்பியிருந்தார். நடுவில் ‘ட’ மாதிரி மடிந்து வந்தது. உள்ளே அதே கதை, அதே பக்கங்கள். இப்போது அது கடையில் பிரிண்டர் ஆடாமல் இருக்க அதன் இடது காலுக்கு அடியில் இருக்கிறது.