வீட்டு அடுப்பில் லாவ்லாவ்

ஹவாய்த் தீவுகளின் ஹொனலூலுவில் பக்கத்து வீட்டுப் பாட்டியம்மா ஒருநாள் 'லாவ்லாவ்' என்னும் சூடான இலைப் பொட்டலம் ஒன்றைக் கையில் கொடுத்தார். பிரித்தால் கரும்பச்சையாகக் குழைந்த கீரை. அதற்குள் நார்நாராகப் பிரியும் பன்றி இறைச்சியும் ஒரு துண்டு உப்பு மீனும். கீரை நாவில் பட்டதுமே தெரிந்துவிட்டது, அது நம் சேப்பங்கிழங்குச் செடியின் இலை. நான்கு முறை செய்து, முதல் இரண்டு முறை கெடுத்து, இப்போது கைவந்துவிட்ட முறையை எழுதுகிறேன்.

ஹவாய் மொழியில் 'லூஆவ்' என்றால் சேம்பின் இளம் இலை. ஹவாய் விருந்துக்கு அந்தப் பெயர் பிறகு வந்து ஒட்டிக்கொண்டது. அதன் பழைய பெயர் 'அஹாஆயினா'. அந்தக் காலக் 'கபு' என்னும் விலக்குச் சட்டப்படி ஆணும் பெண்ணும் சேர்ந்து உண்ணக் கூடாது. பன்றி இறைச்சியும் தேங்காயும் பெண்களுக்கு விலக்கு. 1819-இல் இரண்டாம் கமெஹமெஹா மன்னர் பெண்களோடு அமர்ந்து உண்டு அந்தக் கட்டுப்பாட்டை உடைத்தார். பாட்டியம்மாவும் நானும் எதிரெதிரே உட்கார்ந்து லாவ்லாவ் பிரிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த வேளை நினைவுக்கு வரும்.

எட்டுப் பொட்டலத்துக்குப் பன்றித் தோள் இறைச்சி 1 கிலோ, கொழுப்புள்ள வயிற்றுப் பகுதி 250 கிராம், உப்பிட்ட கறுப்புக் காட் மீன் 250 கிராம் (இங்கே கடைகளில் இதைப் 'பட்டர்ஃபிஷ்' என்பார்கள்), சேம்பிலை நாற்பது, கட்டுவதற்குக் 'கீ' என்னும் ஹவாய்ச் செடியின் இலை பதினாறு, கல் உப்பு ஒரு மேசைக்கரண்டி. வேறு மசாலா எதுவும் வேண்டாம். மிளகுகூட வேண்டாம்.

இறைச்சியை 5 சென்டிமீட்டர் துண்டுகளாக்கி உப்பில் புரட்டி வையுங்கள். மீன் கரிக்கும் அளவுக்கு உப்பாக இருந்தால் ஒரு மணி நேரம் தண்ணீரில் ஊறட்டும்.

இனி இலை. கையுறை போட்டுக்கொள்ளுங்கள். காம்பை அடியோடு நறுக்கி, இலையின் முதுகில் புடைத்திருக்கும் நரம்பைக் கத்தியால் சீவி எடுங்கள். உள்ளங்கையில் ஐந்து இலைகளைப் பெரியது அடியில் வரும்படி அடுக்கி, நடுவில் இறைச்சி, கொழுப்பு, மீன் வைத்து நாலாபுறமும் மடியுங்கள். கீ இலையின் நடு நரம்பையும் பின்புறமாக உரித்தெடுத்தால்தான் அது முறியாமல் வளையும். இரண்டு இலைகளைக் குறுக்கும் நெடுக்குமாகச் சுற்றி நூலால் கட்டுங்கள். கீ இலை கட்டுவதற்கு மட்டும்தான், உண்பதற்கு அல்ல.

நான் சறுக்கியது இதற்குப் பிறகுதான். ஒன்றரை மணி நேரத்தில் இறைச்சி வெந்துவிட்டது, கீரையும் பார்வைக்குக் குழைந்திருந்தது. இறக்கிப் பரிமாறினேன். இரண்டு வாய் உண்டதும் தொண்டையில் நூறு ஊசி குத்தியதுபோல நமைச்சல். விருந்தாளியின் குழந்தை அழுதது எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. சேம்பிலைக்குள் கால்சியம் ஆக்சலேட் ஊசி வடிவப் படிகங்களாக இருக்கிறது. அது அடங்கும்வரை நெடுநேரம் வேக வேண்டும். இறைச்சியின் பதத்தை வைத்து இலையின் பதத்தைக் கணிக்கக் கூடாது. ஆவியில் நான்கு மணி நேரம் முழுதாக வையுங்கள். பச்சை மங்கி, முற்றிய ஆலிவ் நிறம் வந்து, இரண்டு விரலுக்கிடையில் நசுக்கினால் நரம்பு தட்டாமல் வெண்ணெயாகக் கரைய வேண்டும். நரம்பு தட்டினால் இன்னும் அரை மணி.

இரண்டாம் முறை இட்லிப் பானையில் வைத்தேன். தண்ணீர் வற்றி அடி தீய்ந்து, எல்லாப் பொட்டலத்திலும் புகை வாடை ஏறிவிட்டது. ஆழமான பெரிய பாத்திரமும் அதற்குள் உயரமான தட்டும்தான் சரி. முக்கால் மணிக்கு ஒருமுறை கொதிநீர் ஊற்றுங்கள். குளிர்ந்த நீர் ஊற்றினால் ஆவி அறுந்துவிடும். மண்ணில் குழிதோண்டி, பழுக்கக் காய்ந்த கற்களின் மேல் மூடிப் புதைக்கும் 'இமு' அடுப்பில் இந்தத் தொல்லையே இல்லை. அடுக்குமாடியில் அதற்கு இடமேது?

தொட்டுக்கொள்ள 'போய்' (poi) என்னும் களியைக் கடையில் வாங்கிவிடுங்கள். சேப்பங்கிழங்கை வேகவைத்து இடித்த அந்தக் களி, உப்பு இறைச்சிக்கு அவ்வளவு பொருத்தம். இனிப்புக்கு ஹவ்பியா: 400 மில்லி தேங்காய்ப்பால், முக்கால் கோப்பைத் தண்ணீர், சர்க்கரையும் சோள மாவும் ஆறாறு மேசைக்கரண்டி. குளிரக் கலக்கிச் சிறு தீயில் கெட்டியாகும்வரை கிண்டி, தட்டில் ஊற்றி இரண்டு மணி நேரம் குளிரவைத்துச் சதுரமாக வெட்டுங்கள்.

பின்சேர்க்கை: நம் ஊர் வழக்கப்படி புளி சேர்க்கலாமா என்று மூவர் கேட்டிருந்தீர்கள். சேர்த்துப் பார்த்தேன். இறைச்சியின் நிதானமான சுவை கெட்டது, வேகும் நேரமும் குறையவில்லை. கீ இலை கிடைக்காதவர்கள் வாழையிலையைத் தணலில் வாட்டிச் சுற்றலாம். மின் அழுத்தக் குக்கர் என்றால் 90 நிமிடம் வைத்து, ஆவி தானாக அடங்கட்டும். தோட்டத்தில் அழகுக்கு வளரும் யானைக்காதுச் செடியின் இலையைத் தொடவே தொடாதீர்கள், உண்ணும் சேம்பு வேறு. மீந்த பொட்டலங்களை இலை பிரிக்காமல் குளிர்பெட்டியில் வைத்து, மறுநாள் இருபது நிமிடம் ஆவியில் வையுங்கள். கொழுப்பு கீரைக்குள் ஊறி, முதல் நாளைவிட நன்றாக இருக்கிறது.