குதிரை கான்சல் ஆனதா? கிளாசிக்ஸ் படிக்கப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிளாசிக்ஸ், அதாவது பண்டைய கிரேக்க, ரோம மொழி, இலக்கியம், வரலாறு ஆகியவற்றைப் படிக்கும் துறை. அதில் முதலாண்டு லத்தீன் தேர்வில் நான் எழுதிய மொழிபெயர்ப்பு இது: ‘தகப்பன் தன் புத்தகங்களை அழைத்துக்கொண்டு ஊரைவிட்டு ஓடினான்.’ திருத்தியவர் ஓரத்தில் ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டிருந்தார். மூலத்தில் இருந்த சொல் ‘லீபெரோஸ்’, அதாவது பிள்ளைகளை. நான் படித்தது ‘லிப்ரோஸ்’, புத்தகங்களை. ஒருமையில் இவை இன்னும் நெருக்கம். ‘லிபெர்’ என்றால் புத்தகம், ‘லீபெர்’ என்றால் அடிமையல்லாதவன். வேறுபாடு குறிலும் நெடிலும்தான். படு, பாடு என்று பிரித்துப் படித்து வளர்ந்தவன் இதில் சறுக்கியதற்குச் சாக்கே கிடையாது. நெடிலைக் காட்டும் மேல்கோடு பாடநூலில் இருக்கும், தேர்வுத்தாளில் பெரும்பாலும் இருக்காது. சொல்லை முதன்முறை படிக்கும்போதே நீளத்தோடு வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும்.

இதைவிடப் பெரிய தவறு, மொழியையே தள்ளிப்போடுவது. பள்ளியில் லத்தீனோ கிரேக்கமோ படிக்காதவர்களுக்கும் இன்று கதவு திறந்திருக்கிறது. கேம்பிரிட்ஜில் மூன்றாண்டுப் படிப்போடு, லத்தீன் தெரியாமல் வருபவர்களுக்கென நான்காண்டுப் படிப்பும் உண்டு. ஆக்ஸ்போர்டிலும் அப்படி ஒரு வழி இருக்கிறது. பிரின்ஸ்டன் 2021இல் இளங்கலை மாணவர்களுக்கு இருந்த மொழி நிபந்தனையையே எடுத்துவிட்டது. நல்ல மாற்றங்கள்தான். ஆனால் ‘கட்டாயமில்லை’ என்பதைத் ‘தேவையில்லை’ என்று படித்துக்கொள்பவர்கள், கடைசி ஆண்டில் ஆய்வேட்டுக்குத் தலைப்புத் தேடும்போதுதான் விழிக்கிறார்கள். மேற்படிப்புக்குப் போனால் இரண்டு மொழிகளும் வேண்டும். இருபத்து மூன்று வயதில் கிரேக்க வினைவடிவங்களோடு மல்லுக்கட்டுவதைவிடப் பத்தொன்பதில் கட்டுவது எளிது.

நம்மவர்கள் செய்யும் தனித்தவறு ஒன்று உண்டு: லத்தீனை ஆங்கிலத்தின் வழியாகப் புரிந்துகொள்ள முயல்வது. ‘கானிஸ் ஹோமினெம் மோர்தெத்’ என்றால் நாய் மனிதனைக் கடிக்கிறது. ‘ஹோமினெம் கானிஸ் மோர்தெத்’ என்று மாற்றினாலும் கடிபடுபவன் மனிதன்தான். ஆங்கிலத்தில் சொற்களை இப்படி இடம் மாற்றினால் மனிதன் நாயைக் கடித்துவிடுவான். அதனால்தான் ஆங்கில மாணவருக்கு இதைப் புரியவைக்கப் பாடநூல்கள் அத்தனை பக்கம் செலவழிக்கின்றன. ‘மனிதனை நாய் கடிக்கிறது’ என்று இயல்பாகச் சொல்லும் நமக்கு அந்தப் பக்கங்கள் தேவையே இல்லை. ‘ஹோமினெம்’ என்பதன் கடைசி ‘எம்’, நம் ‘ஐ’ உருபின் வேலையைச் செய்கிறது. வினை பெரும்பாலும் கடைசியில் வருவதும் நமக்குப் பழக்கம்தான். அப்படியிருக்க, எழுவாய் எங்கே, வினை எங்கே என்று வாக்கியத்துக்குள் முன்னும் பின்னும் ஓடி, ஆங்கில வரிசையில் அடுக்கி, பிறகு பொருள் கொள்வது வீண் வேலை. வந்த வரிசையிலேயே படியுங்கள்.

பிறகு மூலமும் மொழிபெயர்ப்பும் சேர்ந்து வரும் அந்தச் சிறிய, அழகிய லோப் வரிசைப் புத்தகங்கள். 1912 முதல் வெளிவருகின்றன. கிரேக்கத்துக்குப் பச்சை அட்டை, லத்தீனுக்குச் சிவப்பு. இடப்பக்கம் மூலம், வலப்பக்கம் ஆங்கிலம். கண் தானாக வலப்பக்கம் ஓடும். அதை ஓர் அட்டையால் மூடி வையுங்கள். இணையத்தில் பெர்சியஸ் தளத்தில் ஒவ்வொரு சொல்லையும் சொடுக்கிப் பொருள் பார்ப்பதும் இதே நோய்தான். நூறு வரி முடிந்திருக்கும், நூறு சொல் தங்கியிருக்காது. இன்னொன்று: மேற்கோள் காட்டும்போது கையிலிருக்கும் பதிப்பின் பக்க எண்ணைத் தராதீர்கள், எல்லாப் பதிப்புக்கும் பொதுவான எண்ணைத் தாருங்கள். பிளேட்டோவை உலகமே 1578ஆம் ஆண்டுப் பதிப்பின் பக்க எண்ணால்தான் இன்றும் குறிக்கிறது.

இனி குதிரைக்கு வருவோம். ரோமப் பேரரசன் கலிகுலா தன் குதிரையைக் கான்சல் (ரோமின் மிக உயர்ந்த ஆட்சிப் பதவி) ஆக்கினான் என்று கட்டுரைகளில் எழுதுகிறார்கள். பேரரசர்களின் வாழ்க்கையை எழுதிய ரோமர் சூடோனியஸ் எழுதியதைப் பாருங்கள். குதிரையின் பெயர் இன்கிதாத்துஸ். அதற்குப் பளிங்குக் கொட்டில், தந்தத் தொட்டி, ஊதா நிறப் போர்வைகள். இவையெல்லாம் நேரடிச் செய்தியாக வருகின்றன. கான்சல் பதவி வரும் இடத்தில் மட்டும் ஒரு சொல் குறுக்கே நிற்கிறது: ‘த்ராதிதுர்’. ‘என்று சொல்லப்படுகிறது’ என்று பொருள். தமிழில் அதற்கு ஒரே ஓர் அசை போதும்: ஆக்க எண்ணியிருந்தானாம். அந்த ‘ஆம்’ நழுவினால் வதந்தி வரலாறாகிவிடும். ‘எண்ணியிருந்தான்’ என்பதும் நழுவினால் குதிரை பதவியேற்றே விடும். கலிகுலா கொல்லப்பட்டது கி.பி. 41இல். சூடோனியஸ் பிறந்தது அதற்குச் சுமார் முப்பது ஆண்டுகள் கழித்து. யார் சொல்கிறார், எப்போது, யாரிடம் கேட்டு என்ற மூன்று கேள்விகளையும் ஒவ்வொரு வரியிடமும் கேட்கப் பழகாதவர் இந்தத் துறையில் எவ்வளவு படித்தாலும் கதைசொல்லியாகவே நின்றுவிடுவார்.

புராணக் கதைகளிலும் இதே கேள்விதான். ‘மெடூசாவின் உண்மைக் கதை’ என்று ஒன்று கிடையாது. தேவி மினர்வாவின் கோயிலில் கடல் தெய்வம் நெப்டியூன் அவளைச் சீரழித்ததும், தண்டனையாக அவள் கூந்தல் பாம்பானதும் ரோமக் கவிஞர் ஓவிட் சொல்வது. அவருக்கு ஏறக்குறைய ஏழு நூற்றாண்டு முன் பாடிய கிரேக்கக் கவிஞர் ஹெசியட்டிடம் கோயிலும் இல்லை, தண்டனையும் இல்லை, இருவரும் கூடிய புல்வெளிதான் இருக்கிறது. வால்மீகியின் இராவணன் சீதையைக் கையால் தூக்கிப் போகிறான், கம்பனின் இராவணன் தொடாமல் நிலத்தோடு பெயர்த்தெடுக்கிறான் என்பதை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. (சிலைகள் வெள்ளையாக இருந்தன என்று எழுதுவதையும் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். அவற்றுக்கு வண்ணம் தீட்டியிருந்தார்கள்.)

கடைசியாக ஒரு வீட்டுச் சண்டை. தமிழ் மாணவர் ரோம வணிகத்தைப் பற்றிக் கட்டுரை எழுதினால் சேரரின் துறைமுகமான முசிறி வராமல் இருக்காது, வரவும் வேண்டும். தவறு அதைக் கையாளும் விதத்தில் இருக்கிறது. ஆண்டுதோறும் 5 கோடி செஸ்டர்ஸ் (ரோம நாணயம்) பணத்தை இந்தியா உறிஞ்சுகிறது என்று ரோம எழுத்தாளர் மூத்த பிளினி எழுதியதைச் சுங்கக் கணக்குபோல எடுத்தாள்கிறார்கள். ரோமரின் ஆடம்பரத்தைச் சாடுவதில் அவருக்கு இருந்த ஆர்வத்தையும் சேர்த்துப் படிக்க வேண்டும். ‘யவனர்’ என்ற சொல்லைக் கண்டதும் கிரேக்கர் என்றே முடிவு கட்டுவதும் அவசரம். மேற்கிலிருந்து கப்பலில் வந்த பலருக்கும் அது பொதுப்பெயர்.

அகநானூறு 149இல் யவனரின் நன்கலம், அதாவது நல்ல கப்பல், பொன்னொடு வந்து கறியொடு (மிளகோடு) பெயர்கிறது. வியன்னாவில் உள்ள கி.பி. இரண்டாம் நூற்றாண்டுப் பாப்பிரஸில் (நாணல் தாள் ஆவணத்தில்) ஹெர்மபொல்லோன் என்ற கப்பலின் சரக்கில் கங்கைப் பகுதி நறுமணப் பொருளும் தந்தமும் இருக்கின்றன. இரண்டிலும் முசிறி வருகிறது என்பதால் ஒரே மூச்சில் இரண்டையும் சான்றாக அடுக்கிவிடுகிறார்கள். பாப்பிரஸில் ஒரு பக்கம் கடன் ஒப்பந்தம்: பணம் திரும்பாவிட்டால் சரக்கு யாருக்கு என்று அது பேசுகிறது. பாட்டில் பேசுபவன், அவ்வளவு செல்வம் கிடைப்பதானாலும் காதலியைப் பிரிந்து வரமாட்டேன் என்று தன் நெஞ்சோடு மறுத்துக்கொண்டிருக்கிறான்.