ஆம்னி டேஷ்போர்டில் ராஸ்பெர்ரி பை: ஸ்டியரிங்கை விடாமல் போன் பேச ஒரு செய்முறை

வீட்டிலேயே கார் கணினி செய்கிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில் வந்து முட்டிக்கொள்கிறார்கள். பாட்டு ஓடும், மேப் ஓடும், ரிவர்ஸ் கேமராகூட வேலை செய்யும், ஆனால் யாராவது கூப்பிட்டால் குரல் மட்டும் சட்டைப்பையில் இருக்கும் போனிலேயே கேட்கும். என் பழைய மாருதி ஆம்னி வேனில் ராஸ்பெர்ரி பை 4 என்ற உள்ளங்கை அளவு கணினியை மாட்டிவிட்டு இரண்டு மாதம் நானும் அப்படித்தான் ஓட்டினேன். சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு வாரம் ஒருமுறையாவது ஏறி இறங்கியே ஆக வேண்டிய பிழைப்பு, 20 கொண்டை ஊசி வளைவு, ஒரு கை ஸ்டியரிங்கில், ஒரு கை கியரில், அந்த நேரம் பார்த்துத்தான் வீட்டிலிருந்து "மிளகு வாங்கியாச்சா?" என்று போன் வரும்.

கையில் பிடித்துப் பேசினால் மோட்டார் வாகனச் சட்டம் 184-ஆம் பிரிவின்படி அது ஆபத்தான ஓட்டுதல். 2019 திருத்தத்துக்குப் பிறகு முதல் தடவைக்கே 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், சிறைக்கும் இடமுண்டு. கையில் பிடிக்காவிட்டாலும் பேச்சில் கவனம் போகத்தான் செய்யும், அதனால் வளைவில் நான் "அப்புறம் கூப்பிடறேன்" என்பதற்கு மேல் பேசுவதில்லை. அந்த இரண்டு வார்த்தைக்குத்தான் இவ்வளவு பாடு.

கட்டளைகளின் உச்சரிப்பைத் தமிழில் எழுதியிருக்கிறேன், டெர்மினலில், அதாவது கட்டளை அடிக்கும் திரையில், ஆங்கிலத்தில் அடியுங்கள்.

முதலில் இது புரிய வேண்டும்

ப்ளூடூத்தில் பாட்டுக்கு ஒரு வழி, பேச்சுக்கு வேறு வழி. பாட்டு வருவது ஏ2டிபி என்ற ப்ரொஃபைலில். ஒரு பக்கமாகத்தான் போகும், கொஞ்சம் தாமதமானாலும் யாருக்கும் நஷ்டமில்லை. பேச்சு போவது ஹெச்எஃப்பி, அதாவது ஹேண்ட்ஸ்ஃப்ரீ ப்ரொஃபைலில். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் ஓட வேண்டும், தாமதமே கூடாது, அதனால் எஸ்சிஓ என்ற தனி இணைப்பு அதற்கு. ஒலித்தரமும் குறைவு: விநாடிக்கு 8,000 மாதிரிகள், இரண்டு பக்கமும் எம்எஸ்பிசி கோடெக் (குரலைச் சுருக்கி அனுப்பும் ஒரு முறை) தெரிந்திருந்தால் 16,000. ஆக, பாட்டு வருகிறது என்பதால் பேச்சும் வரும் என்று நினைக்காதீர்கள்.

அடுத்தது வேடம். ஹெச்எஃப்பியில் ஒரு பக்கம் ஆடியோ கேட்வே, அது போன். மறுபக்கம் ஹேண்ட்ஸ்ஃப்ரீ யூனிட், அது ஹெட்செட்டோ காரோ. நம் பையில் ஓடுவது லினக்ஸ் இயங்குதளம்; லினக்ஸ் கணினிக்குப் பழக்கப்பட்டது முதல் வேடம், ஏனென்றால் வழக்கமாக நாம் கணினியில் கொண்டுபோய் ஹெட்செட்டைத்தான் இணைக்கிறோம். காரில் அப்படியே தலைகீழ், கணினியேதான் ஹெட்செட். அந்த வேடத்தை அதற்குக் கட்டிவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. மீதிப் பாதி மைக்.

வாங்க வேண்டியவை

ராஸ்பெர்ரி பை 4-இல் ஸ்பீக்கருக்கு 3.5 மில்லிமீட்டர் ஓட்டை இருக்கிறது, மைக் சொருக இடம் கிடையாது. அதனால் ஒரு யூஎஸ்பி சவுண்டு கார்டு, ஒரு காலர் மைக். அப்புறம் ஒரு யூஎஸ்பி ப்ளூடூத் டாங்கிள். போர்டிலேயே ப்ளூடூத் இருக்கிறதே என்பீர்கள். அந்தச் சிப் பேச்சு ஒலியைச் சாதாரணமாக பிசிஎம் என்ற தனிக் கம்பிகளுக்கு அனுப்பும்படி அமைந்திருக்கிறது, நம் மென்பொருளுக்கு அது வந்து சேராது. மாற்றிவிடக் கட்டளை உண்டு, ஆனால் முதல்முறை செய்கிறவர்கள் டாங்கிள் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கலாம். மெமரி கார்டின் பூட் பகுதியில் உள்ள கான்ஃபிக்.டிஎக்ஸ்டி கோப்பின் கடைசியில் "டிடிஓவர்லே=டிசேபிள்-பிடி" என்று ஒரு வரி சேர்த்தால் போர்டில் இருப்பது அணைந்துவிடும், இரண்டும் சண்டை போடாது.

மின்சாரத்துக்கு 12 வோல்ட்டை 5 வோல்ட்டாக இறக்கும் பக் கன்வெர்ட்டர். பை 4-க்கு 3 ஆம்பியர் வேண்டும், நீங்கள் 5 ஆம்பியர் தருவதாக வாங்குங்கள். சாவி போட்டால் மட்டும் உயிர் வரும் அக்சஸரி வயரிலிருந்து, நடுவில் ஃபியூஸ் வைத்து எடுக்க வேண்டும். ஃபியூஸ் இல்லாமல் நேராக பேட்டரியில் கட்டாதீர்கள், கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். திரையின் மூலையில் மின்னல் படம் வந்தால் வோல்ட் பற்றவில்லை என்று அர்த்தம். பெரும்பாலும் மெலிந்த யூஎஸ்பி கேபிள்தான் காரணமாக இருக்கும்.

மென்பொருள், வீட்டு மேஜையில்

காரில் உட்கார்ந்து இதைச் செய்யாதீர்கள். சித்திரை வெயிலில் சேலத்தில் மூடிய வண்டிக்குள் லினக்ஸ் கற்றுக்கொள்வது தலையெழுத்தா என்ன. வீட்டில், மின்விசிறிக்குக் கீழே, எல்லாவற்றையும் மேஜையில் பரப்பி முடித்துவிட்டுப் பிறகு வண்டிக்குப் போகலாம்.

ஒன்று. பையின் அமைப்புகளை மாற்றும் ராஸ்பி-கான்ஃபிக் திறந்து, அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், அதற்குள் ஆடியோ கான்ஃபிக், அங்கே ஒலியைக் கவனித்துக்கொள்ளும் பல்ஸ்ஆடியோவைத் தேர்ந்தெடுங்கள். புதிய பதிப்புகளில் பைப்வயர் இருக்கும், அதிலும் இந்த வேலை நடக்கும். நான் செய்தது பல்ஸ்ஆடியோவில் என்பதால் அதையே சொல்கிறேன்.

இரண்டு. மென்பொருள் நிறுவும் ஆப்ட் கட்டளை வழியாக ஓஃபோனோ, பல்ஸ்ஆடியோ-மாட்யூல்-ப்ளூடூத் இரண்டையும் நிறுவுங்கள். ஓஃபோனோதான் நம் கதாநாயகன். எண்ணை டயல் செய்வது, எடுப்பது, வைப்பது என்று போன் சம்பந்தப்பட்ட பேச்சுவார்த்தை முழுக்க அதன் பொறுப்பு. கணினி ஹேண்ட்ஸ்ஃப்ரீ வேடம் போடுவதும் அதனால்தான்.

மூன்று. ஈடிசி அடைவில், பல்ஸ் என்ற அடைவுக்குள் டிஃபால்ட்.பிஏ என்றொரு கோப்பு இருக்கும். அதில் "லோட்-மாட்யூல் மாட்யூல்-ப்ளூடூத்-டிஸ்கவர்" என்ற வரியைத் தேடி, அதன் பின்னால் ஓர் இடைவெளி விட்டு "ஹெட்செட்=ஓஃபோனோ" என்று சேர்த்துவிடுங்கள். இந்த ஒற்றைச் சொல்லுக்காகத்தான் நான் இரண்டு வாரம் அலைந்தேன். இது இல்லாவிட்டால் பல்ஸ்ஆடியோ பேச்சு வழியைத் தானே பிடித்துக்கொள்ளும், ஓஃபோனோ கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்க்கும். முடித்ததும் ஒருமுறை ரீபூட்.

நான்கு. ப்ளூடூத்சிடிஎல் என்று அடித்து உள்ளே போங்கள். பவர் ஆன், ஏஜென்ட் ஆன், டிஃபால்ட்-ஏஜென்ட், பேரபிள் ஆன், டிஸ்கவரபிள் ஆன், இந்த வரிசை. இப்போது போனில் ப்ளூடூத் தேடினால் கணினியின் பெயர் தெரியும். மூன்று நிமிடத்தில் அது தானே மறைந்துவிடும், அதனால் போனை முன்னாலேயே கையில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு திரையிலும் ஒரே ஆறு இலக்க எண் வந்தால் சரி என்று சொல்லுங்கள். பிறகு "ட்ரஸ்ட்" என்று அடித்துப் போனின் முகவரியைக் கொடுக்க வேண்டும். இதை மறந்தால் ஒவ்வொரு தடவை வண்டி எடுக்கும்போதும் அனுமதி கேட்டு நிற்கும். போனில் இந்தச் சாதனத்துக்கான அமைப்பைத் திறந்து, "போன் அழைப்புகள்" என்ற பொத்தான் ஆன் ஆகியிருக்கிறதா என்றும் பாருங்கள், சில போன்களில் மீடியா மட்டும் ஆன் ஆகியிருக்கும்.

ஐந்து. ஓஃபோனோவின் மூலநிரல் தொகுப்பில் டெஸ்ட் என்ற அடைவில் பைத்தான் ஸ்கிரிப்டுகள் இருக்கின்றன. லிஸ்ட்-மோடம்ஸ் ஓட்டினால் ஹெச்எஃப்பி என்று தொடங்கும் ஒரு மோடமாக உங்கள் போன் தெரிய வேண்டும். டயல்-நம்பர், ஆன்சர்-கால்ஸ், ஹேங்அப்-ஆல் என்பவையும் அங்கேயே கிடைக்கும், பெயரே வேலையைச் சொல்லிவிடுகிறது. கட்டளைக்கு முன்னால் சூடோ (நிர்வாகி அனுமதி) போட்டால் மோடம் தெரிகிறது, போடாவிட்டால் தெரியவில்லை என்றால் அது அனுமதிச் சிக்கல்: ஈடிசியில் டிபஸ்-1, சிஸ்டம்.டி அடைவில் ஓஃபோனோவின் கோப்பைத் திறந்து, ரூட்டுக்கு இருக்கும் பாலிசி பத்தியை அப்படியே நகலெடுத்து அதில் உங்கள் பயனர் பெயரைப் போட்டால் தீர்ந்தது.

இப்போது மச்சானை ஒருமுறை கூப்பிடச் சொல்லுங்கள். இரண்டு பக்கமும் குரல் கேட்டால் அன்றைக்கு வேலை போதும், தட்டுவடை செட் சாப்பிடக் கிளம்பலாம்.

மைக்

மேஜையில் மணி மாதிரி கேட்ட குரல் வண்டியில் கேட்காது. என் முதல் சோதனை கோரிமேட்டில், ஓரமாக வண்டியை நிறுத்தி, இன்ஜினை அணைக்காமல். மறுமுனையில் மச்சான், "மாப்ள, மாவு மில்லுக்குள்ள நின்னு பேசறீங்களா?" என்றார். ஆம்னியில் இன்ஜின் முன் சீட்டுக்கு அடியில் இருக்கிறது என்பதை நான் யோசிக்கவே இல்லை. மைக்கை டேஷ்போர்டில் ஒட்டியிருந்தேன், அதிர்வு பிளாஸ்டிக் வழியாக நேராக அதற்குள் ஏறியிருக்கிறது.

மூன்று இடம் மாற்றிப் பார்த்தேன். கண்ணாடி ஓரத் தூணில் வைத்தால் ஜன்னல் காற்று. கூரை நடுவில் வைத்தால் என் குரலைவிடப் பின்சீட்டுப் பேச்சு நன்றாகக் கேட்டது. கடைசியில் சரிப்பட்டது ஓட்டுநர் பக்கத்து சன்வைசர். மைக்கின் கிளிப்புக்கும் வைசருக்கும் நடுவே பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சில் விரல் தடிமனுக்கு ஒரு துண்டு, மைக்கின் தலையில் ஒரு நுரைத் தொப்பி, வாயிலிருந்து சுமார் ஒரு சாண். ஒயரைக் கூரை விளிம்பிலேயே ஓட்டி இறக்கிவிட்டேன்.

அடுத்தது எதிரொலி. நம் ஸ்பீக்கரில் வரும் அவர்கள் குரலே மைக்கில் ஏறி அவர்களிடம் திரும்பப் போகும். டிஃபால்ட்.பிஏ கோப்பின் கடைசியில் மாட்யூல்-எக்கோ-கேன்சலை ஏற்றுங்கள், ஏஇசி_மெத்தட் என்பதற்கு வெப்ஆர்டிசி கொடுங்கள். அது புதிதாக ஒரு மைக்கும் ஒரு ஸ்பீக்கரும் உண்டாக்கும்; அந்த இரண்டையும் டிஃபால்ட்டாக்கினால்தான் வேலை செய்யும், ஏற்றி மட்டும் விட்டால் ஒன்றும் மாறாது. ஸ்பீக்கர் சத்தத்தை முழுசாக வைத்தால் எந்த மென்பொருளாலும் சமாளிக்க முடியாது, பாதிக்குக் கொஞ்சம் மேலே போதும்.

ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க ஸ்பீக்கரில் கீச்சென்று ஒரு சத்தம் ஏறினால் அது ஆல்டர்னேட்டர். ஆடியோ ஒயருக்கு நடுவில் கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் ஒன்று போடுங்கள், நின்றுவிடும்.

பட்டன்

திரையைத் தொட்டு எடுப்பதாக இருந்தால் போனையே எடுத்திருக்கலாமே. கியருக்குப் பக்கத்தில் ஒரு சாதாரண தள்ளு பட்டன் வைத்தேன். ஒரு கால் போர்டின் பின் எண் 11-க்கு, அதாவது ஜிபிஐஓ 17-க்கு, இன்னொரு கால் கிரவுண்டுக்கு. பைத்தானில் ஜிபிஐஓஜீரோ நூலகத்தின் பட்டன் வகுப்பு போதும்: அழுத்தினால் ஆன்சர்-கால்ஸ், இரண்டு விநாடி அழுத்திப் பிடித்தால் ஹேங்அப்-ஆல், பத்துப் பதினைந்து வரிக்கு மேல் வராது. அதை சிஸ்டம்டி சேவையாக்கினால் (பின்னணியில் ஓடும் நிரலாக) பூட் ஆகும்போது தானே எழுந்துகொள்ளும். ஒரு எச்சரிக்கை: அந்தப் பின்கள் 3.3 வோல்ட்டுக்கு மேல் தாங்காது. ஹாரன் ஸ்விட்சையோ வண்டியின் வேறெந்த 12 வோல்ட் ஒயரையோ கொண்டுவந்து சேர்த்தால் போர்டு அங்கேயே போய்ச்சேர்ந்துவிடும்.

மலையில் ஏறும்போது குரல் விட்டுவிட்டுக் கேட்டால் உடனே கணினியைக் கழற்ற வேண்டாம், முதலில் போனில் டவர் எத்தனை கோடு என்று பாருங்கள். வளைவுக்கு வளைவு சிக்னல் வந்து வந்து போகும், அதற்கு ஓஃபோனோ என்ன செய்யும், பாவம்.

சாவியைத் திருப்பியதும் மின்சாரம் பட்டென்று போவதால் நாளடைவில் மெமரி கார்டு கெடும். ராஸ்பி-கான்ஃபிக்கில் ஓவர்லே ஃபைல் சிஸ்டம் என்றொரு வசதி இருக்கிறது, அதை ஆன் செய்தால் கார்டில் எதுவும் எழுதாது, எப்போது பிடுங்கினாலும் ஆபத்தில்லை. ஆனால் எதுவும் எழுதாது என்றால் புதிதாகச் சேர்த்த போனும் அடுத்த பூட்டில் மறந்துபோகும். அதனால் வீட்டில் எத்தனை போன் உண்டோ அத்தனையையும் முதலில் பேர் செய்து, ட்ரஸ்ட் கொடுத்து, ஒவ்வொன்றிலும் ஒரு அழைப்பு பேசிப் பார்த்துவிட்டு அதன் பிறகு ஓவர்லேயை ஆன் செய்யுங்கள்.