ஊர் வாட்ஸ்அப் குழு உறவாக மாற

பாலக்கோடு, ராயக்கோட்டை, போச்சம்பள்ளி பக்கம் பிறந்து ஓசூரிலும் பெங்களூரிலும் வேலை பார்ப்பவர்கள் நிறைய. ஊரோடு அவர்களை இணைப்பது பெரும்பாலும் வாட்ஸ்அப் குழுதான். காலை வணக்கப் படங்களை மட்டும் அனுப்பிக்கொண்டிருந்தால் அங்கே யாருக்கும் யாரோடும் பழக்கம் வராது.

"இன்னைக்கு தக்காளிப் பெட்டி என்ன விலை?" என்று ஒருவர் கேட்டால், அவர் பதிவை வலப்பக்கம் தள்ளிப் பதில் போடுங்கள். அண்ணா, அக்கா என்று முறை சொல்லி, தெரிந்ததை ஒரே வரியில் சொன்னால் போதும். தன் கேள்விக்கு ஆள் இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். பதிலில்லாமல் கிடக்கும் கேள்விகளைத் தேடிப் பார்ப்பது இன்னும் நல்லது.

வயதானவர்களுக்குக் குரல் பதிவு அனுப்புங்கள். எழுத்துக்கூட்டிப் படிக்க வேண்டியதில்லை. யார் பேசுவது என்றும் உடனே தெரிந்துவிடும்.

துக்கச் செய்திக்குக் கைகூப்பும் படம் மட்டும் போதாது. அந்த வீட்டாரைத் தனியே அழைத்து, சாப்பிட்டார்களா என்று கேளுங்கள். வாக்குவாதம் முற்றினாலும் அப்படித்தான், குழுவில் எழுதாமல் நேரே போன் செய்துவிடுங்கள்.

மாம்பழ சீசனில் ஊருக்கு வருகிறீர்களா? முந்தின நாளே குழுவில் சொல்லிவிட்டு வாருங்கள். திரையில் மட்டும் பார்த்த இரண்டு பேர் வீட்டுக்காவது போய் உட்கார்ந்து பேசுங்கள்.