கோலாலம்பூரில் விமானி வேலை போனால்: முதலில் செய்ய வேண்டியவை

வெளிநாட்டு விமானி என்றால், உங்கள் வேலை அனுமதி நிறுவனத்தோடு கட்டப்பட்டது. அதனால் ரத்தாகும் தேதியை எழுத்தில் கேளுங்கள். வீட்டு ஒப்பந்தம், பிள்ளைகளின் பள்ளி எல்லாம் அதை வைத்துத்தான் முடிவாகும்.

பலர் சிக்குவது வரியில். வெளிநாட்டவர் நாட்டை விட்டுப் போவதற்குக் குறைந்தது 30 நாள் முன்பே முதலாளி, அவர் போவதை அறிவிக்கும் சிபி21 படிவத்தை வருமான வரி வாரியத்துக்கு அனுப்ப வேண்டும். அதன்பின் வரி பாக்கி இல்லை என்று வாரியம் தரும் விடுவிப்புக் கடிதம் வரும்வரை, அல்லது 90 நாள்வரை, கடைசிச் சம்பளத்தை நிறுத்தி வைப்பார்கள். அந்தப் பணத்தை நம்பி டிக்கெட் போடாதீர்கள். பழைய வரிக் கணக்கு பாக்கியிருந்தால் கடிதம் தாமதமாகும். இன்றே தாக்கல் செய்யுங்கள்.

நீக்கம் நியாயமற்றது என்று தோன்றினால், நீக்கப்பட்ட நாளிலிருந்து 60 நாளுக்குள் தொழில் உறவுத் துறையில் மனு கொடுக்க வேண்டும். மனம் ஆறட்டும் என்று காத்திருந்தே பலர் இந்தக் கெடுவை இழக்கிறார்கள், அது வேதனை.

நிறுவன மின்னஞ்சல் மூடப்படுமுன் பறப்புப் பதிவேட்டில் முத்திரையும் கையொப்பமும் வாங்குங்கள். சிமுலேட்டரில், அதாவது விமான அறை போன்ற பயிற்சிக் கருவியில், நடந்த கடைசிச் சோதனை அறிக்கையின் நகலும் வேண்டும். 90 நாளில் மூன்று புறப்பாடு, மூன்று தரையிறக்கம் இல்லையென்றால் பயணிகளோடு பறக்க முடியாது. சிமுலேட்டரில் ஈடுகட்டலாம், செலவு உங்களுடையது. விமானிக்கான முதல் வகுப்பு மருத்துவச் சான்றிதழைக் காலாவதியாக விடாதீர்கள்.