மலைப்பாதைப் பணிக்கு இளைஞர் குழுவை அழைத்துச் செல்லப் பயில்வது எப்படி?

அமெரிக்காவின் சியெரா நெவாடா மலையில் ஒரு ஜூலை மாதக் காலை. அன்றுதான் முதன்முதலாக, மலைப்பாதையைச் செப்பனிட வந்த எட்டு இளைஞர்கள் கொண்ட ஒரு குழுவுக்குத் தலைவியாக நின்றேன். நடைபாதையில் மண் அடைத்துக் கிடந்த ஒரு வடிகாலைக் கண்டதும் நானே இறங்கித் தோண்டத் தொடங்கினேன். வேலையில் மனம் லயித்துவிட்டது. முக்கால் மணி நேரம் கழித்து நிமிர்ந்து பார்த்தால், இரண்டு பையன்கள் ஒருவர் வீசும் கருவி மற்றவர் முழங்காலை எட்டும் தூரத்தில் நின்று வெட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு பெண் முகம் வெளிறி நிழலில் உட்கார்ந்திருந்தாள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. வடிகாலும் நன்றாகவே வந்திருந்தது. ஆனால் அன்றைக்கு நான் செய்திருக்க வேண்டிய வேலை அந்த வடிகால் இல்லை. அந்த எட்டுப் பேரையும் பார்த்துக்கொண்டிருப்பதுதான் என் வேலை.

இப்படிப்பட்ட குழுவுக்குத் தலைமை தாங்கும் பயிற்சிக்குப் போக நினைக்கும் தம்பி, தங்கைகளுக்காகவும், "என் பெண் ஏதோ காட்டு வேலைக்குப் போகிறேன் என்கிறாள், அது என்ன?" என்று கேட்கும் பெற்றோருக்காகவும் இதை எழுதுகிறேன்.

முதலில் இது என்ன வேலை என்று தெரிந்துகொள்ளுங்கள்

அமெரிக்காவில் நான்கில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட நிலம், ஏறத்தாழ 64 கோடி ஏக்கர், மத்திய அரசின் கையில் இருக்கும் பொதுநிலம். தேசிய வனங்கள், தேசியப் பூங்காக்கள், வனவிலங்குப் புகலிடங்கள், மேற்கு மாநிலங்களின் பரந்த மேய்ச்சல் நிலங்கள் எல்லாம் இதில் அடங்கும். இவற்றில் நடைபாதைகளைச் செப்பனிடுவது, அயல்நாட்டுக் களைச்செடிகளைப் பிடுங்குவது, தீப்பற்றக்கூடிய சருகையும் சுள்ளியையும் அகற்றுவது, வேலி போடுவது போன்ற பணிகளில் பெரும்பங்கை இளைஞர் குழுக்கள் செய்கின்றன.

இதற்கு நீண்ட மரபு உண்டு. பெரும் பொருளாதார வீழ்ச்சியின்போது, 1933இல், அதிபர் ரூஸ்வெல்ட் தொடங்கிய சிவிலியன் கன்சர்வேஷன் கோர் என்ற இயற்கைப் பாதுகாப்புப் பணித் திட்டம் 1942 வரை ஏறத்தாழ 30 லட்சம் இளைஞர்களுக்கு வேலை கொடுத்தது. மாதச் சம்பளம் 30 டாலர். அதில் 25 டாலர் வீட்டுக்குப் போய்விடும். இன்றும் பல பூங்காக்களில் நாம் மிதித்து ஏறும் கற்படிகள் அவர்கள் அடுக்கியவை. பிறகு எலிசபெத் குஷ்மன் என்ற மாணவி 1955இல் தன் கல்லூரி ஆய்வேட்டில் எழுதிய யோசனையிலிருந்து, 1957இல் கிராண்ட் டீட்டன், ஒலிம்பிக் ஆகிய தேசியப் பூங்காக்களில் மாணவர் குழுக்கள் இறங்கின. இதே போன்ற பணிக்கு, 15 முதல் 18 வயது வரையிலானவர்களுக்கான அரசுத் திட்டம் 1970இல் வந்தது.

உங்களுக்குத் தகுதி இருக்கிறதா என்பதை முதலிலேயே பார்த்துவிடுங்கள். அமெரிகோர் என்ற தேசிய சேவைத் திட்டத்தின் கீழ் வரும் இடங்களுக்குக் குடியுரிமையோ கிரீன் கார்டோ வேண்டும். மாணவர் விசாவில் இருப்பவர்கள் சேர முடியாது. குழுத்தலைவருக்குப் பெரும்பாலும் 21 வயது கேட்பார்கள். வேனும் அதன் பின்னால் கருவிகள் ஏற்றிய டிரெய்லரும் ஓட்ட வேண்டியிருப்பதும் அதற்கு ஒரு காரணம். வயது குறைவாக இருந்தால் ஒரு பருவம் உறுப்பினராக வேலை செய்யுங்கள். அதைவிடச் சிறந்த பயிற்சி கிடையாது.

படி 1: முதலுதவி

எல்லாவற்றுக்கும் முன் இதை முடித்துவிடுங்கள். நகரத்து முதலுதவி வகுப்பு ஆம்புலன்ஸ் பத்து நிமிடத்தில் வரும் என்று எண்ணி நடத்தப்படுவது. மலையில் உதவி வர ஆறு மணி நேரம் ஆகலாம், ஒரு இரவும் ஆகலாம். அதற்கென்றே காட்டுப்புற முதலுதவிப் படிப்புகள் இருக்கின்றன. இரண்டு நாளில் முடியும் 16 மணி நேரப் படிப்பு ஒன்று. 70 முதல் 80 மணி நேரம் வரை நீளும் விரிவான படிப்பு இன்னொன்று. பல நாள் காட்டில் தங்கும் குழுவை வழிநடத்த விரும்பினால் இரண்டாவதைப் படியுங்கள். செலவு அதிகம்தான், சில அமைப்புகள் தாங்களே கட்டணம் கட்டி அனுப்புகின்றன, கேட்டுப் பாருங்கள்.

அந்த வகுப்பில் எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடுவதைத்தான் எல்லோரும் ஆசையாகக் கற்றுக்கொள்வார்கள். களத்தில் நீங்கள் அதிகம் சந்திக்கப்போவது கொப்புளம், வயிற்றுப்போக்கு, வெயில் ஆகிய மூன்றும்தான். வயிற்றுப்போக்குக்குக் காரணம் பெரும்பாலும் கழுவாத கை. சமைப்பதற்கு முன்னும் கழிப்பிடம் போய் வந்த பின்னும் சோப்புப் போட்டுக் கை கழுவுவதைக் கண்டிப்பாக்கிவிடுங்கள். வெயிலில் வேலை செய்பவர் தண்ணீர் மட்டும் குடித்தால் போதாது. உப்புள்ள தின்பண்டமும் கூடவே வேண்டும். ஒருவர் சம்பந்தமில்லாமல் பேசினாலோ தள்ளாடினாலோ அது வெறும் களைப்பு என்று விட்டுவிடாதீர்கள். உடனே நிழலுக்குக் கொண்டுபோய் உடலை நனைத்துக் குளிர்வித்துக்கொண்டே உதவிக்குச் செய்தி அனுப்புங்கள்.

படி 2: கருவியைக் கையாளுதல்

இந்த வேலையின் அடையாளக் கருவி புலாஸ்கி. ஒரு பக்கம் கோடரி, மறுபக்கம் மண்ணைக் கொத்தும் அலகு. 1910இல் இடாஹோவில் எரிந்த பெருந்தீயின்போது, நாற்பதுக்கும் மேற்பட்ட ஆட்களைக் கைவிடப்பட்ட ஒரு சுரங்கத்துக்குள் இட்டுச் சென்ற வனக்காவலர் எட் புலாஸ்கியின் பெயர் அது. பீதியில் வெளியே ஓட முயன்றவர்களைத் துப்பாக்கியைக் காட்டித் தடுத்தார். அவர்களில் பெரும்பாலோர் பிழைத்தார்கள். ஒவ்வொரு பருவமும் கருவிகளைப் பிரித்துக் கொடுக்கும் முன் இந்தக் கதையைச் சொல்லிவிடுவேன். அதன் பிறகு பிள்ளைகள் அந்தக் கருவியைப் பிடிக்கும் விதமே மாறிவிடுகிறது.

விதிகள் எளியவை. நடக்கும்போது கருவியை அதன் எடை சமனாகும் இடத்தில் பிடித்து, பள்ளத்தின் பக்கம் இருக்கும் கையில் தொங்கவிட வேண்டும். தடுக்கினால் அதைப் பள்ளத்தில் எறிந்துவிட்டு விழலாம். தோளில் சாய்த்துக்கொண்டு நடக்கக் கூடாது. ஒருவருக்கும் அடுத்தவருக்கும் இடையில் 10 அடி இடைவெளி, நடக்கும்போதும் வெட்டும்போதும். வெட்டிக்கொண்டிருப்பவரைக் கடந்து போக வேண்டுமானால் குரல் கொடுத்து, அவர் கருவியைத் தரையில் ஊன்றி உங்கள் கண்ணைப் பார்த்த பிறகே கடக்க வேண்டும். நீங்கள் ஒரே ஒரு முறை அவசரத்தில் அப்படியே கடந்து போனால் போதும், மறுநாள் எட்டுப் பேரும் அப்படித்தான் கடப்பார்கள்.

18 வயதுக்குக் குறைந்தவர்கள் மோட்டார் ரம்பத்தைத் தொடவே கூடாது. அது தொழிலாளர் சட்டம். 1964ஆம் ஆண்டின் வனாந்தரச் சட்டத்தால் காக்கப்படும் இடங்களில் வயது எதுவானாலும் மோட்டார் கருவிகளுக்குப் பொதுவாக அனுமதி இல்லை. அங்கே விழுந்த மரத்தை இருவர் சேர்ந்து இழுக்கும் நீண்ட ரம்பத்தால்தான் அறுக்கிறார்கள். அதற்கும் தனிச் சான்றிதழ் வேண்டும். அந்த ரம்பத்தைத் தள்ளக் கூடாது, இழுக்க மட்டுமே வேண்டும்; எதிரில் இருப்பவர் இழுக்கும்போது கையைத் தளர்த்திக்கொடுக்க வேண்டும். முதல் அரை மணி நேரம் இருவரும் மல்லுக்கு நிற்பார்கள். பிறகு திடீரென்று ரம்பம் பாடத் தொடங்கும். அந்த ஓசையை நீங்களே கேட்க வேண்டும்.

படி 3: தண்ணீரைப் பார்க்கக் கற்றுக்கொள்ளுதல்

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. மலைப்பாதையைக் கெடுப்பது பெரும்பாலும் தண்ணீர்தான். மழைநீர் பாதையைக் குறுக்கே கடந்து போய்விட்டால் கேடில்லை. பாதையோடு சேர்ந்து கீழே ஓடத் தொடங்கினால் அதுவே வாய்க்காலாகி மண்ணை அரித்துவிடும். எனவே பாதையின் தளம் பள்ளத்தின் பக்கமாகச் சற்றே, 5 சதவீத அளவுக்கு (நூறு அங்குல அகலத்துக்கு ஐந்து அங்குலம்), சாய்ந்திருக்க வேண்டும். கால்கள் மிதித்து மிதித்து நடுப்பகுதி பள்ளமாகி, வெளி விளிம்பில் மண் வரப்பு போல உயர்ந்துவிடும். அந்த வரப்பு தண்ணீரை உள்ளே சிறைப்பிடிக்கிறது. அதை வெட்டி எடுத்தாலே பாதி நோய் தீர்ந்தது.

அடுத்து ஏற்றம். பாதையின் ஏற்றம் அது செல்லும் மலைச்சரிவின் ஏற்றத்தில் பாதிக்கு மேல் போகக் கூடாது என்பது பாதை அமைப்பவர்களின் கணக்கு. சரிவு 16 சதவீதம் என்றால் பாதை 8 சதவீதத்துக்குள். மீறினால் நீர் பக்கவாட்டில் வடியாமல் பாதையையே தன் வழியாக்கிக்கொள்ளும்.

பயிற்சிக்கு முன்பே இதை நீங்கள் பழகலாம். நல்ல மழை பெய்யும்போது குடை பிடித்துக்கொண்டு அருகில் இருக்கும் பூங்காவின் மண்பாதைக்குப் போங்கள். நீர் எங்கே பாதையில் நுழைகிறது, எங்கே வேகம் பிடிக்கிறது, எங்கே வண்டலை இறக்குகிறது என்று பாருங்கள். வண்டல் குவிந்த இடத்தில் நீரின் வேகம் செத்திருக்கிறது. வடிகாலின் வாய் அங்கேதான் முதலில் அடைபடும்.

படி 4: மனிதர்களைப் பார்க்கக் கற்றுக்கொள்ளுதல்

ஒரு பருவத்தில் பதினாறு வயதுப் பையன் ஒருவன் மூன்றாம் நாள் காலை பாதத்தை வெளிப்பக்கமாகத் திருப்பி வைத்து நடந்தான். கேட்டால் "நன்றாக இருக்கிறேன்" என்றான். உட்கார வைத்து பூட்ஸைக் கழற்றச் சொன்னேன். குதிகாலில் ஒரு ரூபாய் நாணய அளவுக்குத் தோல் உரிந்து, காலுறை அதோடு ஒட்டியிருந்தது. முதல் நாளிலிருந்தே வலி. சொன்னால் வீட்டுக்கு அனுப்பிவிடுவோம் என்று பயந்திருக்கிறான். அன்றிலிருந்து மாலையில் எல்லோரும், நானும்தான், பூட்ஸைக் கழற்றிப் பாதங்களைக் காட்டுவது என் குழுவில் வழக்கமாயிற்று. யாரும் தனியாக வாய் திறந்து குறை சொல்ல வேண்டியதில்லை.

பயிற்சியில் குழு எப்படி உருவாகிறது, சண்டையை எப்படித் தீர்ப்பது என்பதெல்லாம் வகுப்பாக நடத்துவார்கள், கவனமாகக் கேளுங்கள். என் அனுபவத்தில் உதவியவை இவை: முதல் நாள் மாலையே குழுவின் விதிகளை அவர்கள் வாயாலேயே சொல்ல வைத்து எழுதுவது. சமையல், பாத்திரம், தண்ணீர் வடிகட்டுதல் ஆகியவற்றை முறை வைத்துப் பிரிப்பது. தினம் ஒருவரை அன்றைய தலைவராக்கி நேரத்தையும் இடைவேளையையும் அவர் கையில் விடுவது. கண்டிப்பதைத் தனியாகவும் பாராட்டுவதை எல்லோர் முன்னும் செய்வது. பாராட்டும்போது "அருமை" என்று மட்டும் சொல்லாதீர்கள். "நீ வைத்த அந்தக் கல் ஆடவே இல்லை" என்று சொல்லுங்கள்.

சிறுவர்கள் இருக்கும் குழுவில் பெரியவர் ஒருவர் ஒரு பிள்ளையோடு தனியாக, பிறர் கண்ணில் படாத இடத்தில் இருக்கக் கூடாது. இந்த விதிக்கு விலக்கே கிடையாது.

படி 5: நாளைத் திட்டமிடுதல்

காலையில் கருவிகளைச் சுற்றி வட்டமாக நின்று பேசும் பத்து நிமிடத்தை ஒருநாளும் விடாதீர்கள். இன்றைய வேலை என்ன, அதில் எது ஆபத்து, வானிலை எப்படி, யாருக்கு உடம்பு சரியில்லை, விபத்து நடந்தால் எந்த வழியாக வெளியேறுவோம், செயற்கைக்கோள் தகவல் கருவி யார் பையில் இருக்கிறது என எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். உங்களுக்கு அடிபட்டால் அந்தக் கருவியை இயக்க இன்னொருவருக்கும் தெரிய வேண்டும்.

உயர்ந்த மலைகளில் கோடை மதியங்களில் இடி வரும். முதல் இடி காதில் விழுந்ததும் கருவிகளை வைத்துவிட்டு முகட்டை விட்டு இறங்குங்கள். கடைசி இடிக்குப் பின் 30 நிமிடம் வரை வேலை இல்லை. பாதி வைத்த கல் அப்படியே கிடக்கட்டும்.

உணவுக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு ஒன்றரை முதல் இரண்டு பவுண்டு வரை கணக்கிடுங்கள். கரடி நடமாடும் இடங்களில் உணவோடு பற்பசையும் சோப்பும்கூட மூடிய பெட்டிக்குள் போக வேண்டும். கழிப்புக் குழி 6 முதல் 8 அங்குல ஆழம், நீர்நிலையிலிருந்து 200 அடி தள்ளி.

விண்ணப்பிக்கும் நேரம்

கோடைப் பருவத்துக்கான தலைவர் பணியிட அறிவிப்புகள் பெரும்பாலும் குளிர்காலத்திலேயே வரத் தொடங்கிவிடும். விண்ணப்பத்தில் மலையேறிய கதைகளைவிட, நீங்கள் பொறுப்பேற்றுப் பார்த்துக்கொண்ட மனிதர்களைப் பற்றி எழுதுங்கள். தமிழ்ப் பள்ளியில் சிறுவர்களுக்கு வகுப்பு எடுத்தது, கோயில் அன்னதானத்தில் பந்தி நடத்தியது எல்லாம் இங்கே கணக்கில் வரும். நேர்காணலில் என்னிடம் அதிகம் கேட்டது அப்படிப்பட்டவற்றைத்தான். காட்டுப்புற முதலுதவி வகுப்புக்கு மட்டும் அழைப்பு வரும் வரை காத்திருக்காமல் முன்கூட்டியே இடம் பதிந்துவிடுங்கள்.